கணவாய் வழி போன புகையிலை

கொங்கு நாட்டுப் பழைய ஆவணங்களில் புகையிலை வரிப் பண்டமாகத்தான் தலைகாட்டுகிறது. உப்புத் தண்ணீர்க் கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்த கோவை இலை பாலக்காட்டுக் கணவாய் வழியே மலபாருக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கோயம்புத்தூர் கஜானாவைக் கவனித்துவந்த காசி செட்டி மேல் எழுந்த மோசடிப் புகார்களை 1816இல் கம்பெனி அதிகாரிகள் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரித்தார்கள். இவ்வளவு கணக்குப் பார்த்த சர்க்கார், அந்த இலை ஆளை என்ன செய்தது என்று மட்டும் பார்க்கவில்லை. அதற்காக அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆபரேஷன் மேஜையில் அந்த இலை என்ன செய்யும் என்று அப்போது யார் கேட்பார்கள்? ஆபரேஷனுக்கான ஈதர் மயக்கமே 1846இல்தான் வந்தது.

புகைப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் நெஞ்சுக் கோளாறு சுமார் ஆறு மடங்கு அதிகம் என்று மார்ட்டன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் எழுதியது 1944இல். கோவை போன்ற மில், பவுண்டரி, லேத் ஊரில் புகையின் இந்தக் கெடுதலை நெஞ்சைவிட விரலில் தெளிவாகப் பார்க்கலாம். இயந்திரத்தில் துண்டான விரலை ஒட்டும்போது, ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாயை மைக்ராஸ்கோப்பின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். அதன்பின் பிடிக்கும் ஒரு பீடி அந்தக் குழாயைச் சுருக்கிவிடலாம். ரத்தம் நின்றால் விரல் கறுத்துவிடும். ‘நான் புகைப்பதில்லை, வெற்றிலையோடு போயிலைதானே போடுகிறேன்’ என்பார்கள். நுரையீரலுக்குப் புகை போகாதது உண்மை. ஆனால் குழாயைச் சுருக்கும் நிக்கோடின் மெல்லும் இலையிலும் இருக்கிறது.

‘ஆபரேஷனுக்கு முன் கடைசி நேரத்தில் விட்டால் சளி கூடிவிடும், விடாமலிருப்பதே மேல்’ என்ற வாதம் இதைவிடக் கனமானது. மருத்துவர்கள் சிலரே சொன்னது. அதன் வேர், 1989இல் அமெரிக்காவில் இதய பைபாஸ் செய்துகொண்ட 200 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு. அதில் சமீபத்தில் விட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படியொரு தீங்கு தென்படவில்லை. மறுபக்கச் சான்றோ வலுவானது. டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த 120 பேரில் பாதிப்பேருக்கு 6 முதல் 8 வாரம் முன்பே புகையை விட உதவினார்கள். அவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. உதவி பெறாதவர்களில் 52 சதவீதம். 2002இல் வந்த முடிவு இது. நான்கு வாரமாவது முன்னால் விடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு வாரம் இல்லையென்றாலும் முந்தின இரவு இருக்கிறது: ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்திருக்கும் கார்பன் மோனாக்சைடில் பாதிக்கு மேல் விடிவதற்குள் வெளியேறிவிடும்.