வவ்வாலுக்கு எலி சொந்தமா? சயின்ஸ் சொல்ற பதிலே வேற!

கீரனூர் பக்கம் இருக்குறவங்களுக்கு வவ்வால் ஒண்ணும் புதுசில்லை. இருட்டுற நேரத்துல பெருசா, சத்தமே இல்லாம தலைக்கு மேல ஒண்ணு போகும். நார்த்தாமலை மாதிரி பாறைக்குன்று இருக்குற ஊர்கள்ல, ஆள் நடமாட்டமில்லாத பழைய மண்டபத்துக்குள்ள கால் வெச்சாலே அந்த வாடை மூக்குல ஏறும். "எலிக்கு றெக்கை முளைச்ச மாதிரி இருக்குல்ல?" எனப் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். இனி ஆட்டாதீர்கள். எலிக்கு நெருங்கிய சொந்தம் வவ்வால் இல்லை, நாம்தான்!

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். வவ்வால் முட்டையிடாது. குட்டி போடும், பால் கொடுக்கும், உடம்பெல்லாம் முடி இருக்கும். அதனால் பாலூட்டி. அதன் றெக்கை உண்மையில் கைதான். நம் கையில் இருக்கும் அதே விரல் எலும்புகள் குடைக்கம்பி போல நீண்டு, நடுவில் தோல் விரிந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் நகத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வரிசைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'கைராப்டெரா'. கிரேக்க மொழியில் 'கை இறக்கை' என்று அர்த்தம். உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வவ்வால் இனங்கள் இருக்கின்றன. அதாவது, பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. எண்ணிக்கையில் இவற்றை முந்துவது எலி, அணில் அடங்கிய கொறிப்பான் வரிசை மட்டுமே.

சரி, பாலூட்டியில் யாரோடு சேர்ப்பது? இதில்தான் பெரிய பெரிய ஆட்களே தடுமாறினார்கள். உயிர்களுக்குப் பெயர் வைக்கும் முறையை உருவாக்கிய லின்னேயஸ், 1758-ல் வவ்வாலை மனிதன், குரங்கு இருக்கும் 'பிரைமேட்ஸ்' வரிசையிலேயே உட்கார வைத்தார். 1986-ல் ஆஸ்திரேலிய நரம்பியல் விஞ்ஞானி ஜாக் பெட்டிக்ரூ அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார். பழந்தின்னி வவ்வாலின் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இணைப்பு, குரங்கினத்தைப் போலவே இருக்கிறது என்பது அவர் வாதம். பெரிய வவ்வாலும் சின்ன வவ்வாலும் தனித்தனியாகப் பறக்கக் கற்றவை என்றார். கேட்க சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. ஆனால், டி.என்.ஏ வந்து அதை உடைத்துவிட்டது.

எல்லா வவ்வாலும் ஒரே குடும்பக் கொடிதான். அந்தக் கொடி இருக்கும் பெரிய கிளையில் நாய், பூனை, குதிரை, மாடு, எறும்புத்தின்னி, ஏன் திமிங்கிலம்கூட இருக்கிறது. எலியும் முயலும் குரங்கும் நாமும் இருப்பது வேறு கிளை. உருவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான். நம்மூரில் மீனுக்கே 'வவ்வால்' என்று பெயர் வைத்து வறுத்துச் சாப்பிடுகிறோமே!

வவ்வால்களுக்குள்ளேயும் டி.என்.ஏ இடத்தை மாற்றிப் போட்டிருக்கிறது. பழம் தின்பவை பெருசு, பூச்சி பிடிப்பவை சிறுசு என்ற பழைய பிரிவினை இப்போது செல்லாது. தவளை, எலி பிடித்துத் தின்னும் நம்மூர் 'பொய் ரத்தக்காட்டேரி' வவ்வால் (பெயர்தான் அப்படி, ரத்தம் குடிக்காது), மற்ற பல சின்ன வவ்வால்களைவிட பழந்தின்னிக்குத்தான் நெருக்கம்.

இந்த வகைப்பாட்டுக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. 1948-ல் தேனி மாவட்டம் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு வவ்வாலைச் சேகரித்தார். சாதாரண குட்டைமூக்குப் பழந்தின்னி என நினைத்து, மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கும் மேல் அது அங்கேயே கிடந்தது. தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தோங்லோங்யா அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் வால் இல்லை, பல் அமைப்பும் வேறு என்பது தெரிந்தது. இனம் மட்டுமல்ல, பேரினமே புதுசு! 1972-ல் பறவையியல் மேதை சலீம் அலி பெயரில் 'லாட்டிடென்ஸ் சலீம்அலியை' ஆனது.

அதே 1972-ல்தான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் ஐந்தாவது அட்டவணை, கொல்லத் தடையில்லாத 'தீங்குயிரி' பட்டியல். காகம், எலி, சுண்டெலி... கூடவே பழந்தின்னி வவ்வால்! பின்னாளில் சலீம் அலி வவ்வாலுக்கு முதல் அட்டவணையில் உச்சபட்சப் பாதுகாப்பு கிடைத்தது. மற்ற பழந்தின்னிகள் எலியோடு எலியாக அப்படியே கிடந்தன. எலி ஒரே ஈட்டில் அரை டஜன், ஒரு டஜன் என்று போட்டுத் தள்ளும். பழந்தின்னி வவ்வாலுக்கு ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. நூறு வவ்வாலைச் சுட்டால் அந்த இடம் நிரம்ப எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இத்தனைக்கும் விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதும், இலுப்பைப்பூ போன்ற இரவுப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பதும் இதுதான்.

2022-ல் வந்த சட்டத் திருத்தம் அந்த ஐந்தாவது அட்டவணையையே தூக்கிவிட்டது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நம்மூர் பெரிய பழந்தின்னி இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. 'ஆஸ்துமாவுக்கு வவ்வால் கறி நல்லது' என யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ரெண்டு விஷயம் சொல்லுங்கள்: அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை, வேட்டையாடினால் கேஸ் ஆகும்.

அதுக்காகக் கொஞ்சவும் வேண்டாம். நிபா வைரஸ் இயற்கையாகத் தங்குவது பழந்தின்னிகளிடம்தான். கடித்துப்போட்ட கொய்யா, மாம்பழத்தைச் சாப்பிடாதீர்கள். ராத்திரி வீட்டுக்குள் ஒரு வவ்வால் வந்துவிட்டால் துடைப்பத்தைத் தூக்க வேண்டாம். ஃபேனை நிறுத்தி, லைட்டை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதுவாக வழி கண்டுபிடித்துப் போய்விடும். கீழே விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்கு போன் போடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.