மலையைத் துளைத்த முந்நாட்டுப் பணம்

தன் எல்லைக்கு வெளியே, பிறநாட்டு மண்ணில் அமையும் புகையிரதப் பாதைக்கு ஒரு நாடு தன் குடிமக்களின் வரிப்பணத்தைக் கொடுக்குமா? கொடுத்தால், அப்பணத்துக்கு ஈடாக எவ்வுரிமைகளைக் கேட்கும்? அதனைப் பெற்றுக்கொண்ட நாடு எதனை விட்டுக்கொடுக்க நேரும்? இவ்வினாக்களுக்கு விடை பகரும் வரலாறொன்று ஐரோப்பாவின் நடுவே, சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலையிலே உண்டு. அதுவே கொத்தாட் புகையிரதப் பாதையின் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பா எங்கும் இருப்புப் பாதைகள் பரந்தன. ஆயினும் வடக்கையும் தெற்கையும் பிரித்து அல்ப்ஸ் மலை அரண்போல் நின்றது. 1867ஆம் ஆண்டில் ஒஸ்திரியா பிறென்னர் கணவாய் வழியே பாதை அமைத்தது. மேற்கே பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மொன் செனி சுரங்கம் 1871ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே கிடந்த சுவிற்சர்லாந்தோ, வணிகம் தன்னை விலக்கிச் சென்றுவிடுமே என அஞ்சியது. தன் பொருள்கள் பிரான்சின் மண்ணையோ ஒஸ்திரியாவின் மண்ணையோ மிதியாமல் மத்தியதரைக் கடலை அடைய வேண்டும் என்பது ஜேர்மனியின் விருப்பம். புதிதாக ஒன்றுபட்ட இத்தாலிக்கோ ஜெனோவாத் துறைமுகத்துக்கு வடக்கே ஒரு வாயில் வேண்டியிருந்தது. மூவரின் நலனும் கொத்தாட் என்னும் ஒரு மலையிலே வந்து சந்தித்தன.

1869ஆம் ஆண்டில் பேர்ண் நகரில் மாநாடு கூடியது. அவ்வாண்டு ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தும் இத்தாலியும் உடன்படிக்கை செய்தன. 1871இல் ஜேர்மனியும் அதில் இணைந்தது. முழுச்செலவு 187 மில்லியன் பிராங் என மதிக்கப்பட்டது. அதில் 85 மில்லியனைப் பொதுப்பணத்தால் உதவுவதென முடிவாயிற்று. இத்தாலி 45 மில்லியன், ஜேர்மனி 20 மில்லியன், சுவிற்சர்லாந்து 20 மில்லியன் என அது பங்கிடப்பட்டது. பாதை அமையும் நாடு கொடுத்ததிலும் இரட்டிப்புக்கு மேற்பட்ட தொகையை அயல்நாடு ஒன்று கொடுத்தது என்பதை நோக்குக. எஞ்சிய 102 மில்லியனைப் பங்குகளாலும் கடன்பத்திரங்களாலும் ஒரு கம்பனி திரட்ட வேண்டும். அக்கம்பனிக்குத் தலைமை தாங்கியவர் சூரிச் நகரத்து அரசியலாளர் அல்பிறெட் எஷர். உதவிய நாடுகள் பணத்தை வெறுங்கொடையாக வழங்கவில்லை. கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதித்தன. பங்குதாரரின் இலாபம் நூற்றுக்கு ஏழைத் தாண்டினால், மிகுதியிற் பாதி தமக்குரியது என்றும் எழுதிக்கொண்டன.

பாதையின் நடுவே கோஷெனனிலிருந்து அயிறோலோ வரை 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் அமைய வேண்டும். ஜெனீவாவைச் சேர்ந்த லூயி பாவ்ர் அதனை எட்டு ஆண்டுகளில் முடித்துத் தருவதாக 1872இல் ஒப்பந்தம் செய்தார். பிணையாக 8 மில்லியன் பிராங் வைத்தார். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பெருந்தண்டம் விதிக்கப்பட்டது. இக்கடுமையான நிபந்தனையின் பாரம் இறுதியில் தொழிலாளரின் தலையிலேயே இறங்கியது.

அவர்களுட் பெரும்பாலோர் இத்தாலியின் ஏழைக் குடியானவர்கள். சுரங்கத்தினுள்ளே வெப்பம் 30 பாகையைத் தாண்டியது. வெடிமருந்தின் புகை அகலுமுன்னரே அவர்கள் மீண்டும் பாறையைத் துளைக்கலாயினர். 1875ஆம் ஆண்டு யூலையில் கோஷெனனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாநிலப் படையினர் சுட்டதில் நால்வர் மாண்டனர். கட்டுமானக் காலத்தில் உயிர்நீத்தோர் தொகை ஏறத்தாழ 200. இலங்கைத் தோட்டங்களிலும் பின்னர் பெருந்தொல்லை தந்த கொக்கிப்புழு நோய் அச்சுரங்கத்தின் ஈரத்திலும் அழுக்கிலும் பல்கிப் பரவி, எண்ணற்றோரை இரத்தசோகையால் வாட்டியது. ஒப்பந்தக்காரரான பாவ்ர் தாமும் 1879ஆம் ஆண்டு யூலையில் சுரங்கத்தினுள்ளேயே மாரடைப்பால் வீழ்ந்து இறந்தார்.

அதற்கு முன்னரே கணக்கும் சரிந்திருந்தது. மதிப்பீட்டுக்கு மேல் இன்னும் 102 மில்லியன் வேண்டும் என்று 1876இல் தலைமைப் பொறியியலாளர் ஹெல்வாக் அறிவித்தபோது கம்பனியின் பங்குகள் விலை வீழ்ந்தன. பாதி துளைத்த மலையைக் கைவிடவும் இயலாது, முடிக்கவும் பணமில்லை. 1877இல் லுசேர்ண் நகரில் கூடிய மாநாடு, கிளைப் பாதைகளைத் தள்ளிவைத்துப் பற்றாக்குறையை 40 மில்லியனாகக் குறைத்தது. இத்தாலியும் ஜேர்மனியும் 10 மில்லியன் வீதமும், சுவிற்சர்லாந்து 8 மில்லியனும் மேலும் தர இசைந்தன. மீதிக்குக் கம்பனி பொறுப்பேற்றது. சுவிஸ் கூட்டாட்சி அரசு தன் கருவூலத்திலிருந்து பணம் வழங்குவதோ அதுவரை நிகழாத காரியம். எதிர்ப்பு எழுந்தது, சட்டம் மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. 1879ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் வாக்களித்தோரில் பத்தில் ஏழு பங்கினர் ஆம் என்றனர். எஷரோ அதற்கு முந்திய ஆண்டிலேயே பதவி துறந்துவிட்டார்.

1880ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் இருபுறத் துளைகளும் சந்தித்தன. பக்கவாட்டில் 33 சதமமீற்றர், உயரத்தில் 5 சதமமீற்றர், பிசகு அவ்வளவே. முதலில் திறந்த துவாரத்தினூடே தொழிலாளர் அனுப்பியது மாண்டுபோன பாவ்ரின் படம். 1882ஆம் ஆண்டு யூன் முதலாந் தேதி பாதை முழுவதிலும் புகையிரதங்கள் ஓடத் தொடங்கின. அதனைக் கனவு கண்ட எஷர் அவ்வாண்டு டிசெம்பரில் காலமானார்.

போக்குவரத்து எதிர்பார்ப்பை மிஞ்சி வளர்ந்தது. ஆனால் பிறர் பணத்தின் நிழல் நீண்டது. 1909இல் சுவிஸ் அரசு பாதையைத் தனதாக்கிக்கொண்டபோது, உதவிய நாடுகள் தம் பழைய உரிமைகளுக்கு ஈடு கேட்டன. அவ்வாண்டுப் புதிய உடன்படிக்கையால் சுவிற்சர்லாந்து கட்டண விடயத்திலே நிலையான சலுகைகளை அவற்றுக்கு அளித்தது. நாட்டின் இறைமை விலைபோயிற்று எனக் கருதிய மக்கள் இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் விண்ணப்பித்தனர். ஆயினும் 1913இல் பாராளுமன்றம் அதனை ஏற்றது. அம்மனக்குறையின் பயனாக 1921இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. கால எல்லையற்ற, அல்லது நெடுங்கால வெளிநாட்டு உடன்படிக்கைகளை மக்கள் வாக்குக்கு விடுமாறு கோரும் உரிமை அன்று பிறந்தது.

2016ஆம் ஆண்டு யூன் முதலாந் தேதி, அதே மலையின் அடியில் 57 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கம் திறக்கப்பட்டது. இம்முறை சுவிஸ் மக்கள் 1992இலும் 1998இலும் வாக்களித்து, பார வாகனங்களின் மீது விதித்த வரி முதலியவற்றைக்கொண்டு அச்செலவைத் தாமே ஏற்றனர். உயர்ந்த சரக்கு வண்டிகள் தடையின்றிச் செல்லும்பொருட்டு, இத்தாலிய மண்ணிலுள்ள பாதையைத் திருத்தவும் பணம் கொடுத்தனர். ஒருகாலத்தில் இத்தாலியின் 45 மில்லியனைப் பெற்ற நாடு, இன்னொரு காலத்தில் இத்தாலிக்குப் பணம் அளித்தது.

அயிறோலோப் புகையிரத நிலையத்தருகே வின்சென்சோ வேலா என்னும் சிற்பி வடித்த புடைப்புச் சிற்பம் ஒன்று நிற்கிறது. இறந்த தோழனைக் காவிச் செல்லும் சுரங்கத் தொழிலாளரை அது காட்டுகின்றது. மூன்று அரசுகள் கொடுத்த பணத்துக்குக் கணக்கு உண்டு, உடன்படிக்கை உண்டு, ஈடும் உண்டு. அத்தொழிலாளர் கொடுத்ததற்கு அச்சிற்பமே சாட்சி.