வயல் ஏன் புளித்தது? நில்வளா கரை சொல்லும் பாடம்

மாத்தறையில் நில்வளா கங்கைப் பக்கம் போனவர்கள் கிரல கெலேயைப் பார்த்திருப்பீர்கள். பற்றை, தேங்கிய நீர், பறவைக் கூட்டம். பார்க்க அழகுதான். அங்கே நின்றபோது என் மாணவர் ஒருவர் கேட்டார்: "சேர், இது முந்தி வயலாமே, ஏன் விட்டாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதை விடச் சற்று உயர்ந்திருந்தது. கங்கையின் தாழ்நிலங்களுக்குள் உப்பு நீர் ஏறியது. கிரல என்பதே சதுப்பில் வளரும் ஒரு மரத்தின் சிங்களப் பெயர். உக்கிய இலையும் வேரும் நிறைந்த அந்தச் சேற்றில் ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் இல்லாமலே வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரின் சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றின. அது இரும்புடன் சேர்ந்து பைரைற்று என்ற கனியமாகச் சேற்றுக்குள் படிந்தது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் யாருக்கும் தொல்லையில்லை.

பின்னர் மேலே நன்னீர் வண்டல் படிந்தது. மக்கள் நெல் விதைத்தார்கள். வெள்ளம் வரும், விளைச்சல் சில போகம் போகும். ஆனால் நிலம் ஈரமாகவே இருந்தது.

1980களில் வெள்ளத் தடுப்புத் திட்டம் வந்தது. அணை கட்டி, பம்பு வைத்து நீரை இறைத்தார்கள். வெள்ளத்திலிருந்து ஊரையும் வயலையும் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் தாழ்ந்த வயல்களில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி இறங்கியது. பைரைற்றுப் படைக்குக் காற்றுப் பட்டது.

அதோடு மண்ணுக்குள் ஆட்சி மாறியது. ஒட்சிசன் வேண்டாத பற்றீரியாக்கள் ஒதுங்க, இரும்பையும் கந்தகத்தையும் ஒட்சியேற்றி வாழும் பற்றீரியாக்கள் பெருகின. அவற்றின் வேலையால் சல்பூரிக்கமிலம் உருவாகும். pH 4க்குக் கீழே இறங்கிய மண்ணில் இந்த வேதிமாற்றம் தானாக மிக மெதுவாகவே நடக்கும். பற்றீரியா இருந்தால் பல மடங்கு வேகமாகும். அமிலம் களிமண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைக்கும், நெல்லின் வேர் கருகும். பசளை போட்டும் பலனில்லை. தலைமுறையாக விதைத்த வயல்களைக் கமக்காரர் கைவிட்டார்கள்.

இது முன்பு யாருக்கும் தெரியாத விடயமா? இல்லை. இதுதான் என் மனதை உறுத்துகிறது. ஒல்லாந்தர் தம் நாட்டில் ஹார்லெம் ஏரியை 1852இல் வற்றவைத்து விவசாய நிலமாக்கியபோது சில இடங்களில் இதே புளித்த மண்ணைக் கண்டார்கள். அங்குள்ள விவசாயிகள் அத்தகைய மண்ணுக்குப் 'பூனைக் களி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வான் பெமெலன் என்ற இரசாயனவியலாளர் 1886இல் அதை ஆராய்ந்து எழுதினார். இரும்பை ஒட்சியேற்றும் பற்றீரியா 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் கண்டறியப்பட்டது. நமது பம்புகள் ஓடத் தொடங்கியது அதற்கெல்லாம் பிறகுதான்.

நீரை மீண்டும் தேக்கினால் பழைய பற்றீரியாக்கள் திரும்பும், புளிப்பும் மெல்லக் குறையும். ஆனால் அப்போது மண்ணில் கரையும் இரும்பே நெல்லுக்கு நஞ்சாகலாம். கெடுப்பது சில போகம், திருத்துவது பல வருடம்.

கரையோரத் தாழ்நிலத்தில் வடிகால் வெட்ட நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டுமுன் ஒரு மீற்றர் ஆழத்து மண்ணை எடுத்து, ஈரம் காயாமல் சில வாரம் காற்றில் வைத்து, pH பாருங்கள். அது வெகுவாக இறங்கினால் அந்த நிலத்தை வற்றவிடாதீர்கள். பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது.

கிரல கெலேயில் விதைத்த அனுபவமுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைக் கேட்டு கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.