அரசவைக்குப் புறத்தே நின்ற ஆலோசகர்

அரசன் ஒரு கருமத்தைத் துணியுமுன் அறிந்தோரை வினவுதல் பழைய வழக்காகும். ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் தமிழ் வேந்தரைச் சூழ்ந்திருந்தன. ஆயின், அவற்றில் அமர்ந்தோர் அரசவையைச் சார்ந்தவரே. அரசாங்கத்தின் உறுப்பாகாமலும் மக்களால் தெரிவுசெய்யப்படாமலும் புறத்தே நின்று நாடுகளின் கொள்கையை உருவாக்கும் ஆராய்ச்சிக் கழகங்கள் இருபதாம் நூற்றாண்டிலேயே பெருஞ் செல்வாக்கெய்தின. இக்காலத்தார் அவற்றைச் சிந்தனைக் குழாங்கள் என வழங்குவர். அச்செல்வாக்கு எவ்வாறு பிறந்தது என்பதை இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வாம்.

முதலாம் உலகப் போரின்பின் பரிஸ் மாநகரிற் கூடிய சமாதான மாநாட்டுக்குப் பிரித்தானிய, அமெரிக்க அறிஞர் பலர் ஆலோசகராகச் சென்றிருந்தனர். 1919 மே 30 ஆம் நாள் அவர்கள் மஜெஸ்ரிக் விடுதியிற் கூடி, பன்னாட்டு விவகாரங்களை இடையறாது ஆராய்தற்கு ஒரு நிறுவனம் வேண்டுமெனக் கருதினர். அதன் பயனாக இலண்டனிலே 1920 இல் சதம் மாளிகை எனப் பெயர்பெற்ற கழகமும், நியூ யோர்க்கிலே 1921 இல் வெளிநாட்டுறவு மன்றமும் எழுந்தன.

1939 செப்டெம்பரில் மீண்டும் போர் மூண்டது. இரு வாரங் கழியுமுன் அம்மன்றத்தார் வாஷிங்டன் சென்று, இராசாங்கத் திணைக்களத்துக்குத் துணைபுரிய முன்வந்தனர். றொக்பெல்லர் நிதியத்தின் பொருளுதவியுடன் 1945 வரை நடைபெற்ற அவ்வாராய்ச்சியில் 682 குறிப்புரைகள் எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்று 1940 மார்ச்சில் கிறீன்லாந்தைப் பற்றி எழுந்தது. அத்தீவு மேலைக் கோளத்தைச் சார்ந்ததாதலின் மன்றோக் கோட்பாட்டுள் அடங்கும் என்பது அதன் கருத்து. ஏப்ரல் 9 இல் ஜேர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியது. டென்மார்க்குக்குரிய அத்தீவின் கதி யாதாகும் என்னும் வினா எழுந்தபோது விடை ஆயத்தமாயிருந்தது. 1941 ஏப்ரலில், டென்மார்க் அரசின் இசைவின்றி அதன் தூதர் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி, அமெரிக்கா அத்தீவின் பாதுகாப்பை ஏற்றது.

இரண்டாவது நிகழ்ச்சி மார்ஷல் திட்டமாகும். போரால் நலிந்த ஐரோப்பாவுக்கு உதவும் எண்ணத்தை 1947 யூன் 5 ஆம் நாள் மார்ஷல் வெளியிட்டார். ஜனாதிபதி ட்றூமன் ஜனநாயகக் கட்சியினர். காங்கிரசிலோ குடியரசுக் கட்சியினரே பெரும்பான்மையினர். உதவியை நிருவகிப்பது இராசாங்கத் திணைக்களமா, தனி நிறுவனமா என்பது பிணக்காயிற்று. செனற் சபையின் வெளிநாட்டுறவுக் குழுத் தலைவரான வன்டன்பேர்க், டிசெம்பர் 30 ஆம் நாள் புறூக்கிங்ஸ் கழகத்தின் கருத்தைக் கேட்டார். 1948 சனவரி 22 ஆம் நாள் அறிக்கை கிடைத்தது. ஜனாதிபதிக்கு நேரே பொறுப்பான தனி நிறுவனம் வேண்டுமென அது கூறிற்று. ஏப்ரல் 3 இல் நிறைவேறிய சட்டம் பெரும்பாலும் அவ்வழியே அமைந்தது. ஏறக்குறைய 1,300 கோடி டொலர் அவ்வாறு பகிரப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளாலும் அறியத்தக்கது யாது? இக்கழகங்களிடம் படையுமில்லை, வாக்குமில்லை. வினா எழுமுன்னரே ஆராய்ந்து வைத்திருந்தமையும், இரு கட்சியினரும் நம்பத்தக்க நிலையில் நின்றமையுமே அவற்றின் வலிமையாயின. அமைச்சர்க்கு நாட்கள் குறைவு. ஆயத்தமான விடையை அவர் நாடுதல் இயல்பே.

எனினும், இதில் ஒரு குறையுமுண்டு. கிறீன்லாந்துக் குறிப்புரையை எழுதியோருள் கிறீன்லாந்து மக்கள் எவருமிலர். பொருள் நல்கியவை பெருஞ் செல்வரின் நிதியங்கள். ஆகவே, அறிக்கையொன்றைப் படிக்குமிடத்து, எழுதியவர் யார், பொருளளித்தவர் யார், அவ்வறையில் இடம்பெறாதவர் யார் என்னும் மூன்றையும் மாணாக்கர் வினவுதல் வேண்டும். சிறிய நாடுகள் தம்மைப் பற்றித் தாமே ஆராய்ந்து எழுதி வையாவிடின், பிறர் எழுதியதே அவற்றின் விதியாய் முடியும்.