புழு வைத்த காயமும் விலங்குகள் சுரக்கும் கிருமிக்கொல்லிகளும்

2009 ஏப்ரலில் முள்ளிவாய்க்காலில் என் காலில் எறிகணைச் சிதறல் பாய்ந்தது. மருந்து இல்லை. பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டினோம். நான்காம் நாள் கட்டை அவிழ்த்தபோது காயத்துக்குள் புழுக்கள். அம்மா அழுதழுது ஒவ்வொன்றாக எடுத்தார். ஆனாலும் கால் அழுகவில்லை. ஏன் என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். பின்னர் வாசித்து அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

விலங்குகளின் உடல், கிருமிகளை எதிர்க்கச் சிறிய புரதத் துண்டுகளைச் சுரக்கிறது. இவை நுண்ணுயிரெதிர்ப்புப் பெப்டைட்டுகள். பெரும்பாலானவை நேர் ஏற்றம் கொண்டவை. மறை ஏற்றமுள்ள பக்டீரியா மென்சவ்வில் ஒட்டி, அதைத் துளைத்துக் கொல்கின்றன.

இலையான்: முதலாம் உலகப் போரில், புழு வைத்த காயங்களோடு கிடந்த படையினருக்குக் காய்ச்சல்கூட இல்லாததை அமெரிக்க வைத்தியர் வில்லியம் பேயர் கண்டார். பச்சை இலையான் புழுவிலிருந்து லூசிஃபென்சின் 2010இல் பிரித்தறியப்பட்டது.

அந்துப்பூச்சி: செக்ரோப்பின். சுவீடனில் ஹான்ஸ் போமன் குழு 1981இல் வெளியிட்டது.

தவளை: அழுக்கு நீரில் விட்ட ஆபிரிக்கத் தவளைகளின் சத்திரசிகிச்சைக் காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறுவதை மைக்கேல் ஸாஸ்லொவ் கவனித்தார். 1987இல் அவற்றின் தோலிலிருந்து மகைனினைப் பிரித்தார்.

தேனீ: நஞ்சிலுள்ள மெலிற்றின் கிருமியையும் கொல்லும், எமது செங்குழியங்களையும் உடைக்கும். மகைனின் எமது கலங்களை அவ்வளவு தாக்குவதில்லை.

மனிதர்: எமது தோலிலும் வெண்குழியங்களிலும் எல்எல்-37 உண்டு.

இவ்வளவு இருந்தும் மருந்துக்கடைக்கு வராதது ஏன்? உடலின் நொதியங்கள் இவற்றை விரைவில் சிதைத்துவிடுகின்றன. தயாரிப்புச் செலவும் அதிகம். மகைனினை மாற்றியமைத்து, நீரிழிவுக் கால்புண்ணுக்காக உருவாக்கிய பெக்சிகனான் பூச்சுமருந்துக்கு 1999இல் அமெரிக்கா அனுமதி மறுத்தது.

என் காலைக் காத்தது புழுதான் என்று நான் சொல்லமாட்டேன். வைத்தியத்துக்கு எடுப்பவை, கிருமி நீக்கி வளர்த்த குறித்த இனப் புழுக்கள். தானாக வரும் இலையான் நோயையும் கொண்டுவரும். சில இனப் புழுக்கள் நல்ல தசையையும் தின்னும்.

வன்னியில் இன்றும் உடம்பில் இரும்புத் துண்டுகளோடு வாழ்பவர்கள் பலர். பழைய காயம் மீண்டும் கசிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தரும் நுண்ணுயிர்க்கொல்லியை அவர் சொன்ன நாள்வரை எடுங்கள். மிச்சக் குளிசையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். கண்டபடி பாவித்தால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகும். அந்த இடத்தை நிரப்பத் தவளை மருந்தோ புழு மருந்தோ இன்னும் தயாராகவில்லை.