கனடா குளிருக்கு எந்த பூட்ஸ்? ஆபீஸுக்கும் ஆகணும், ஐஸ்லயும் வழுக்கக் கூடாது!

ஜனவரியில் படிக்கவோ வேலைக்கோ டொரன்டோ கிளம்புபவர்கள் ஜாக்கெட்டைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். பூட்ஸை மட்டும் கடைசி நேரத்தில் அழகைப் பார்த்து பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஆனா அங்கே குளிரைவிட பெரிய தொல்லை, வழுக்கல். ஐஸில் சறுக்கினால் மணிக்கட்டோ இடுப்போ முறியலாம்.

முதல்ல சோலைப் பாருங்க!

ஆழமான பள்ளம் இருந்தாலே நல்லா பிடிக்கும்னு நினைக்காதீங்க. அது பொலபொல பனிக்குத்தான் உதவும். வழவழப்பான ஐஸில் ரப்பரின் தன்மைதான் முக்கியம். குளிரில் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போகும் சோல் நிச்சயம் வழுக்கும்.

இதைச் சோதிக்கவே டொரன்டோ மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் 'வின்டர்லேப்' இருக்கிறது. சாய்வான ஐஸ் தரையில் ஆட்களை நடக்க வைப்பார்கள். 7 டிகிரி சாய்வில் வழுக்காமல் ஏறி இறங்கினால் ஒரு 'ஸ்னோஃப்ளேக்' மதிப்பெண். 2016-ல் வந்த முதல் பட்டியலில், 98 பூட்ஸ்களில் தேறியது வெறும் 9! விலைக்கும் பிடிமானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுகூடச் சொல்லத் தோன்றும். 'ரேட் மை ட்ரெட்ஸ்' தளத்தில் முடிவுகள் இருக்கின்றன, வாங்கும் முன் ஒரு தடவை பார்த்துடுங்க.

எத்தனை வருஷம் உழைக்கும்?

சோல் பசையில் ஒட்டியதா, தைத்ததா என்று கேளுங்கள். 'குட்இயர் வெல்ட்' முறையில் தைத்தது என்றால், தேய்ந்த சோலை மாற்றிக்கொள்ளலாம். விலை கூடுதல்தான். ஒரு சீசனுக்கு மட்டும் போகிறவர்களுக்கு இது வீண் செலவு.

தோலுக்கு முதல் எதிரி, சாலையில் கொட்டும் உப்பு. வெள்ளைத் திட்டு தெரிந்தால் அன்றைக்கே தண்ணீரும் வெள்ளை வினிகரும் சம அளவு கலந்து துடைக்கணும். விட்டுட்டா தோல் வறண்டு வெடிக்கும்.

ஆபீஸுக்கு?

கறுப்பு அல்லது அடர் பிரவுன் நிற, வாட்டர்ப்ரூஃப் தோல் 'செல்சீ' பூட்ஸ் பேன்ட்டுக்குள் அடங்கிவிடும். மைனஸ் 20-ல் அது மட்டும் போதாது. அங்கே பலரும் கனமான பூட்ஸில் போய், ஆபீஸில் ஷூ மாற்றிக்கொள்கிறார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டே அளவு பாருங்க, அதுவும் மாலையில். அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல் அசைய இடம் வேணும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும்.

நனைந்த பூட்ஸை ஹீட்டர் மேல் வைக்காதீங்க, பசை விட்டுப்போகும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரம் பெருமளவு இழுத்துவிடும்.