‘பேதில போவான்’ - ஒரு வசவின் வரலாறு

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இந்த வசவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவன் தோட்டத்துல ஆட்டை விட்டவன், கடன் வாங்கிட்டுக் கண்ணுல படாதவன், எல்லாருக்கும் ஒரே சாபம்தான்: "பேதில போவான்!" கோபம் கொஞ்சம் ஜாஸ்தின்னா "கொள்ளைல போவான்". இப்போ சிரிச்சுக்கிட்டே சொல்றோம். இது உருவான காலத்துல யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. இந்தப் பேதி காலரா. காலையில வயலுக்குப் போன ஆள் ராத்திரிக்குள்ள போய்ச் சேர்ந்துடுவார். 1877-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னை மாகாணத்தில் மட்டும் காலராவில் இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்.

இத்தனைக்கும் அந்தக் கிருமி குடலை அரிச்சுத் தின்கிறதில்லை. ரத்தத்தில் பரவுவதும் இல்லை. குடல் செல்லோட சவ்வுல இருக்கிற ஒரு வாசலைத் திறந்தபடியே வெச்சிடுது. அவ்வளவுதான் அது செய்யற வேலை.

பிளஸ் டூவோட பயாலஜிக்குப் பெரிய கும்பிடு போட்டுட்டு இன்ஜினியரிங் பக்கம் ஓடின ஆசாமி நான். அதனால நம்ம ஊர்க் கணக்குலயே சொல்றேன். அதே பஞ்சத்துக்குப் பிறகுதான் பெரியாறு அணைத் திட்டம் வேகம் பிடித்தது. 1887-ல் வேலையைத் தொடங்கி 1895-ல் திறந்தார்கள். அதுவரை பெரியாற்றுத் தண்ணி மேற்கே ஓடிக் கடல்ல கலந்துச்சு. நடுவுல மலை. பாறை வழியாத் தண்ணி கசிஞ்சு வந்துடுமா? பென்னிகுவிக் மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டார். அந்தத் தண்ணிதான் லோயர் கேம்ப்ல இறங்கி நம்ம பள்ளத்தாக்கு நெல்லுக்குப் பாயுது. செல்லும் இப்படித்தான். சுத்தி ஒரு தடுப்பு, அதுல அங்கங்கே சுரங்கம்.

தடுப்பு எதனால் ஆனது என்று முதலில் மோப்பம் பிடித்தவர் எர்னஸ்ட் ஓவர்டன். 1890-களில் சூரிச்சில் இருந்தபோது, எண்ணெயில் கரையும் பொருட்கள்தான் செல்லுக்குள் சுலபமாக நுழைகின்றன என்று கவனித்தார். அப்படியென்றால் தடுப்பும் கொழுப்பு மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். 1925-ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை மட்டும் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆக, சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் இன்றைய படத்தைக் கொடுத்தார்கள்: நெகிழ்வான கொழுப்புப் படலம், அதில் மிதக்கும் புரதங்கள். நான் சொன்ன சுரங்கம், வாசல் எல்லாம் இந்தப் புரதங்கள்தான்.

இன்னும் ஒரே ஒரு விதி. உப்பு எங்கே போகுதோ, தண்ணி பின்னாடியே போகும். மாங்காய்த் துண்டுல உப்பைத் தூவி வெச்சா கொஞ்ச நேரத்துல தண்ணி விடுதே, அதேதான்.

இப்போ காலராவின் ஊரான கல்கத்தாவுக்குப் போவோம். 1884-ல் ராபர்ட் கோக் அங்கேதான் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அது கொல்லும் விதம் தெரிய 75 வருஷம் ஆனது. 1959-ல் சம்பு நாத் தே, கிருமியே இல்லாத வடிநீரை முயல் குடலில் செலுத்தினாலும் குடலில் நீர் கொட்டுகிறது என்று காட்டினார். ஆக, வேலையைச் செய்வது கிருமி விடும் நஞ்சு. அந்த நஞ்சு குளோரைடு வெளியேறும் வாசலை மூடவிடாமல் செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. குளோரைடு போக, பின்னால் சோடியம் போக, அதன் பின்னால் தண்ணீர். மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட.

1960-ல் ப்ராக் நகரில் ராபர்ட் கிரேன் இன்னொரு வாசலைப் பற்றிச் சொன்னார். இங்கே இருக்கிற வாட்ச்மேன் ஒரு மாதிரி. சர்க்கரை தனியா வந்தா விடமாட்டான், சோடியம் தனியா வந்தாலும் விடமாட்டான். ஜோடியா வந்தா உள்ளே விடுவான். காலரா நஞ்சு இந்த வாசலைத் தொடுவதே இல்லை! அதாவது, ஆள் உயிர் போய்க்கிட்டு இருக்கும்போதும் பக்கத்துலயே ஒரு வாசல் நல்லாத்தான் வேலை செஞ்சுக்கிட்டிருந்திருக்கு. உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்திருந்தா தண்ணி உள்ளே போயிருக்கும்.

கிரேனுக்கு 7 வருஷம் முன்பே, 1953-ல், ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 186 நோயாளிகளை வாய்வழி உப்பு-குளுக்கோஸ் நீரால் தேற்றியதாக லான்செட் இதழில் எழுதியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு, காரணமும் புரியவில்லை. உலகம் கண்டுகொள்ளவில்லை. 1968-ல் டாக்காவில் நலினும் கேஷும் முறையாகச் செய்து காட்டினார்கள். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் பன்கான் எல்லையில் குவிந்தபோது காலரா பரவியது. ஊசி வழி ஏற்றும் சலைன் தீர்ந்தது. திலீப் மஹலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, உறவினர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். 100-க்கு 30 வரை இருந்த சாவு 3.6 ஆனது. அவர் 2022-ல் மறைந்தார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த வருஷம்தான் வந்தது. நம்ம ஊர் வழக்கம்!

நம்ம வீடுகள்ல கொடுக்கிற உப்புப் போட்ட கஞ்சியும் இதே வாசலைத்தான் தட்டுது. அரிசி மாவுச்சத்து குடல்ல குளுக்கோஸா உடையும், உப்புல சோடியம் இருக்கு, ஜோடி ரெடி. சீக்கிரம் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால் காலரா பேதி இன்னும் குறைகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000-ல் காட்டினார்கள். பெருங்குடல் பாக்டீரியா அதைக் கொழுப்பு அமிலமாக்க, அங்கேயும் சோடியம் உள்ளே ஏறுகிறது.

ஆனா "பேதியாகுது, தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்"னு சொல்ற குரல் இன்னும் ஓயல. வாசல்கள் வேற வேறன்னு தெரிஞ்சா இப்படிச் சொல்ல மாட்டாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசம். அது கையில இல்லைன்னா காய்ச்சி ஆறவெச்ச ஒரு லிட்டர் தண்ணி, தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதுக்கு மேல போகக்கூடாது. குடுத்துக்கிட்டே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

உங்க ஊர்ப்பக்கமும் இப்படி நோய் ஒளிஞ்சிருக்கிற வசவு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. என்னைத் திட்டுறதுக்குப் பயன்படுத்தாம, சும்மா சொன்னாப் போதும் :-)